கறார்க்காரி

"அவகிட்ட துணி குடுக்கணும்னா கையில பணத்தோட போங்க. பாதி அட்வான்ஸ் வைக்காம கத்திரிக்கோலையே தொட மாட்டா. தெரிஞ்சவங்க, வேண்டியவங்கன்னெல்லாம் பார்க்கிற ஆள் இல்ல அவ."

மாடிப்படித் திருப்பத்தில் சின்னவளின் கால் அப்படியே நின்றது. கீழே வாசலில் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது அவளுடைய ஓரகத்தி பெரியவள்தான். கேட்டுக்கொண்டிருந்தது மருந்துக்கடைக்காரம்மா.

சின்னவளின் கையில் தைத்து முடித்த குஷன் உறைகள் இருந்தன. பக்கத்துத் தெரு டீச்சருக்கு. அதற்கு இன்னும் சல்லிக்காசு வரவில்லை. அதற்கு முன்னால் தைத்ததற்கும் வரவில்லை.

சத்தமில்லாமல் திரும்பி மேலே ஏறிவிட்டாள்.

நன்றாகத் தைப்பாள். காசு கேட்கத்தான் வாய் வராது. தெரிந்தவர்கள் வருவார்கள், துணியை விரித்துப் பார்த்து மெச்சுவார்கள், பாதிப் படி இறங்கியபிறகு "எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே" என்பார்கள். "இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பாள் இவள். அது இருந்துகொண்டே இருக்கும். எதிர்வீட்டு அம்மாள், "இந்தக் கைக்குத் தங்க வளையல்தான் போடணும்" என்று சொல்லிச் சொல்லியே வீட்டிலிருக்கும் அத்தனை பேருக்கும் உடுப்பு தைத்துக்கொண்டு போயிருக்கிறாள். வீட்டுக்குள் அவளுக்கு வளையலம்மா என்றே பேர்.

நூலும் ஜிப்பும் வீட்டுச் செலவில் போயின. போன வாரம் கணவன் சொல்லிவிட்டான், கோபமில்லாமல்தான். குழந்தைக்குக் கட்டில் போட இடமில்லை, மெஷினால் வருமானமும் இல்லை, விற்றுவிடலாம் என்று. மெஷினைப் பார்க்க ஒரு ஆளும் வந்துபோனான். பெரியவள் படியில் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் சின்னவள். மேல்வீட்டில் இருந்துகொண்டு, மத்தியானம் மெஷின் ஓடினாலே துடைப்பக்கட்டையால் தரையை இரண்டு தட்டு தட்டுகிறவள். இப்போது பேரையும் கெடுக்கிறாள்.

கணவனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "காசே வாங்காம கறார்னு பேர் வாங்கினது உலகத்துலயே நீ ஒருத்திதான்."

மறுநாள் மருந்துக்கடைக்குப் போய், நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லிவிடுவதென்று இருந்தாள். அதற்குள் அந்தம்மாவே வந்துவிட்டாள். பையைத் திறக்கும் முன்பே மடித்த நோட்டுகளை மெஷின்மேல் வைத்தாள்.

"பாதி இருக்குங்க. எண்ணிப் பார்த்துக்கோங்க."

நேற்றுவரை 'வா, போ' என்றவள். சின்னவள் சொல்ல நினைத்திருந்ததை விட்டுவிட்டு அளவு நாடாவை எடுத்தாள்.

டீச்சர் பழைய பாக்கியையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்து, "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று வேறு சொன்னாள். சிலர் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். கணவன்கூடச் சட்டைக்குப் பொத்தான் வைக்கக் கொடுத்தபோது மேலே ஒரு நாணயத்தை வைத்து, "அட்வான்ஸுங்க" என்றான். மெஷினை விற்கிற பேச்சு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.

ஆனாலும் பெரியவளைப் படியில் பார்த்தால் சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பணம் வந்துவிட்டால் ஆயிற்றா? பேர் போனது போனதுதானே.

ஒரு நாள் வளையலம்மா வந்தாள். உட்காரும் முன்பே பெரிய பையைக் கவிழ்த்து, திரைச்சீலைத் துணியைக் கூடம் முழுக்க விரித்துவிட்டாள்.

"வெளியில என்னென்னவோ பேசிக்கிறாங்க. நான் நம்புவேனா? எங்கிட்ட நீ காசு கேட்பியா, சொல்லு. நாலு ஜன்னல்தான். இந்தக் கைக்கு..."

"இருக்கட்டும்" என்ற சொல் சின்னவளின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பெரியவள் உள்ளே வந்தாள். கையில் வாய் கட்டிய துணிப்பை. அதை மெஷின்மேல் வைத்து, அதன்மேல் பணத்தை வைத்தாள்.

"ரெண்டு தலையணை உறை. இந்தா, அட்வான்ஸ். இது இல்லாம நீ தொட மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?" வளையலம்மா பக்கம் திரும்பினாள். "ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவ, எனக்கே இந்தக் கதிங்க."

சொல்லிவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

சின்னவளுக்கு முகம் சிவந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் சொன்னது போதாதென்று முகத்துக்கு நேராகவுமா? சரி, கறார்க்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். பணத்தை எடுத்தாள். எண்ணினாள்.

"பாதிக்குக் குறையுதே, அக்கா."

"பார்த்தீங்களா?" என்று வளையலம்மாவிடம் முறையிட்டுக்கொண்டே பெரியவள் பர்ஸைத் திறந்து இன்னொரு நோட்டை எடுத்து வைத்தாள். பிறகு விடுவிடுவென்று மேலே போய்விட்டாள்.

வளையலம்மா கொஞ்ச நேரம் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தன் கைப்பையைத் திறந்தாள்.

அவள் போனபிறகு சின்னவள், பெரியவளின் வேலையை முதலில் முடித்து முகத்தில் எறிந்துவிடலாம் என்று அந்தப் பையின் முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளே துணி இல்லை. பழைய செய்தித்தாள்களை மடித்துத் திணித்திருந்தது.

பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூலையிலிருந்த ஒட்டடைக்கம்பை எடுத்து, தலைக்கு மேலே தளத்தை இரண்டு தட்டு தட்டினாள்.