குடத்துத் தண்ணி

“நம்ம வீட்டுத் தண்ணி அவளுக்கு இறங்காதாம்!”

மைதீன் பாத்திமா டம்ளரை அடுப்பு மேடையில் ‘ணங்’கென்று வைத்தாள்.

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவர் மீரா முகைதீன் நின்றார். “யாருக்குளா?”

“அந்த நர்ஸ் பத்மப்ரியாவுக்குத்தான். வாரா வாரம் வாரா. நம்ம தஸ்மியாவுக்கு பிரஷர் பாக்கா, எடை பாக்கா. அதெல்லாம் நல்லாத்தான் செய்யுதா. இன்னைக்குக் கிளம்பும்போது, ‘தாகமா இருக்கு, ஒரு டம்ளர் தண்ணி தாங்கக்கா’ன்னா. குடத்துல இருந்து மோந்து குடுத்தேன். வாசலுக்குப் போயி முதுகைக் காட்டிட்டு நின்னா. அப்புறம் முருங்கை மரத்து மூட்டுல ஊத்திட்டா! ஜன்னல் வழியா என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

“தாகம் அடங்கியிருக்கும்.”

“வாங்கின உடனேயா? முஸ்லிம் வீட்டுத் தண்ணின்னுதான், வேற என்ன?”

“மத்த வீட்டுல குடிக்காளான்னு பாத்தியா?”

“நான் எதுக்குப் பாக்கணும்? தாமிரபரணித் தண்ணிய வேண்டாம்ங்குத ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்.”

எட்டு மாத வயிற்றோடு கட்டிலில் சாய்ந்திருந்த மகள் தஸ்மியா சிரித்தாள். “உம்மா, தண்ணியக் காய்ச்சிக் குடின்னு அவங்க எனக்குச் சொன்னதுல இருந்தே உங்களுக்குக் கோவம்.”

“பின்னே? தண்ணியக் காய்ச்சிக் குடிச்சா நான் உன்னையப் பெத்தேன்? கேஸ்தான் வீணாப் போவுது.”

பாத்திமா ரோஷக்காரி. அடுத்த வாரமே கடையிலிருந்து இருபது லிட்டர் கேன் ஒன்று வந்து இறங்கியது. வீட்டில் யாரும் தொடக் கூடாது. நர்ஸுக்கு மட்டும்!

நர்ஸ் வந்தாள். தண்ணீர் கேட்டாள். கேன் தண்ணீர் புது டம்ளரில் போனது.

வாசல். முதுகு. முருங்கை மூடு.

மூன்று வாரமும் இதே கதை. அந்த முருங்கை அளவுக்குச் சொகுசாக வளர்ந்த மரம் அந்தத் தெருவிலேயே இருந்திருக்காது.

“கேன் தண்ணியும் ஆகலை பாத்தீங்களா! அப்போ தண்ணி இல்லங்க, நம்ம கைதான் அவளுக்கு ஆகலை.” பாத்திமா கேனின் மூடியை அழுத்தி மூடினாள். “பெரிய டாக்டர்கிட்ட சொல்லி வேற நர்ஸைப் போடச் சொல்லப் போறேன்.”

“பிரசவம் முடியட்டும்ளா. பைய சொல்லுவோம்.”

“அடுத்த வாரம் வரைக்கும்தான் பொறுமை.”

அந்த அடுத்த வாரம், முந்தின நாள் வந்துபோன விருந்தாளிகளால் கேன் தீர்ந்திருந்தது. இவளுக்கு இன்னொரு கேன் ஒரு கேடா என்று பாத்திமா குடத்திலிருந்தே மோந்து கொடுத்தாள். எப்படியும் முருங்கைக்குத்தானே போகிறது!

மறுநாள் காலை பத்து மணி. வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பத்மப்ரியா உள்ளே ஓடி வந்தாள். கையில் விரல் நீளத்துக்கு ஒரு குப்பி. உள்ளே இருந்த தண்ணீர் கன்னங்கரேலென்று இருந்தது.

“அக்கா, நேத்து எனக்குக் குடுத்தீங்களே, அந்தத் தண்ணியத் தஸ்மியா குடிச்சாளா?”

“என்னம்மா இது, மை மாதிரி?”

“உங்க வீட்டுத் தண்ணிதான். வாங்கின தண்ணியில கொஞ்சத்தை இந்த மருந்துக் குப்பியில ஊத்தி வைப்பேன். சாக்கடை கலந்திருந்தா ஒரே நாள்ல கறுத்துப் போயிரும். அதைக் குடிச்சு பிள்ளைத்தாச்சிக்கு மஞ்சக்காமாலை வந்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்துக்கா. சொல்லுங்க, குடிச்சாளா?”

பாத்திமா மகளின் அறைப் பக்கம் திரும்பினாள்.

“நான் காய்ச்சின தண்ணிதான் குடிக்கேன் சிஸ்டர்” என்றபடி அறையிலிருந்து வந்தாள் தஸ்மியா. “நீங்க சொன்ன நாள்ல இருந்து பச்சைத் தண்ணி ஒரு மடக்குகூடக் குடிக்கலை. உம்மாகிட்ட ஏச்சு வாங்கிட்டேதான் காய்ச்சுதேன்.”

பத்மப்ரியா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. பாத்திமா மகளின் தலையைத் தடவினாள், வயிற்றைத் தடவினாள், “அல்லாவே, அல்லாவே” என்றாள்.

மத்தியானத்துக்குள் குழாய் ஆட்கள் வந்து தோண்டினார்கள். கேபிளுக்குப் பள்ளம் போட்டபோது உடைந்த குழாய், சாக்கடைக்குள் கிடந்தது. உடைந்த இடத்தைத் தாண்டி அந்தக் குழாயில் இருந்தது பாத்திமா வீடு மட்டும்தான்.

“குடத்துத் தண்ணியக் குடிச்ச நீங்களும் பாயும் நாளைக்கே ரத்தப் பரிசோதனைக்கு வந்துருங்கக்கா” என்றாள் பத்மப்ரியா. “ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. பள்ளம் தோண்டி மூணு வாரம் ஆச்சு. இவ்வளவு நாளும் உங்க வீட்டுக் குப்பி எப்படிக் கறுக்காம இருந்துச்சு?”

பாத்திமா தலையைக் குனிந்துகொண்டாள். “சோதனைக்குத்தான்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா.”

“சோதனைன்னா எல்லா வீட்டுலயும் கேன் தண்ணியத்தான் நீட்டுதாங்கக்கா. தாகம்னு கேட்டாத்தான் வீட்டுல குடிக்குத தண்ணி வரும்.”

அவள் ஸ்கூட்டர் தெரு திரும்பும் வரை பாத்திமா வாசலிலேயே நின்றாள்.

மீரா முகைதீன் பக்கத்தில் வந்தார். “ஏளா, நம்ம வீட்டுத் தண்ணிய அந்தப் பிள்ளை ஒதுக்குதான்னு சொன்னியே...”

பாத்திமா மூலையில் கிடந்த காலிக் கேனைப் பார்த்தாள்.

“அவ எங்கங்க ஒதுக்கினா? மூணு வாரமா நம்ம தண்ணியத்தான் கேட்டா. நான்தான் குடுக்கலை.”