பச்சை மாவு

சர்க்கரையோடு சர்க்கரையைக் கோத்து உடம்பில் சேமித்துவைக்கும் நொதி அன்டோவுக்குப் பிறவியிலேயே இல்லை. அதனால் ஸ்டெல்லா வேளை தவறாமல் மகனுக்குச் சோள மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவந்தாள். பச்சை மாவு வயிற்றில் மெல்லக் கரைந்து அடுத்த வேளைவரை தாங்கும், காய்ச்சினால் தாங்காது, இரத்தத்தில் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஒவ்வொரு முறையும் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பான்.

ஸ்டெல்லா வெளியே போயிருந்த ஒரு மதியம் தூங்கியவன் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், கணவனின் தங்கை அமலி அருகில் வந்து உட்கார்ந்தாள். அன்று அவனைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

“நீங்க பச்சையாத்தான் கொடுக்கச் சொன்னீங்க மதினி. பிள்ளைக்குச் சளி கட்டியிருந்துச்சு. பச்சத் தண்ணியில எப்படிக் கொடுக்கன்னு, பால் ஊத்திக் கூழாக் காய்ச்சிக் கொடுத்தேன். அதக் குடிச்சிட்டுத்தான் தூங்குனான். பசியோட அனுப்பல மதினி.”

ஸ்டெல்லா அவளுடைய கைகளைப் பார்த்தாள்.

“மூக்கப் பிடிச்சானா?”

“இல்லயே. இன்னும் வேணும்னு கேட்டான். தம்ளர வழிச்சு வழிச்சு நக்கினான்.”

“இன்னொரு தரம் சொல்லு,” என்றாள் ஸ்டெல்லா.