பட்டன் வெளியே போகக்கூடாது

“கதவைச் சாத்துங்க! முதல்ல கதவைச் சாத்துங்க!”

தையல்காரர் போட்ட சத்தத்தில், உள்ளே ஒரு கால் வைத்திருந்த வாட்ச்மேன் ஆடிப்போய்விட்டார். கையில் பேண்ட்டோடு அவசரமாக நுழைந்து கதவைத் தள்ளிச் சாத்தினார்.

“என்னங்க, உள்ள புதையல் ஏதாவது வெச்சிருக்கீங்களா?”

“பூனை இருக்கு. வெளிய போகக்கூடாது.”

அதற்குள் மெஷினுக்கு அடியிலிருந்து பாய்ந்து வந்த செம்பட்டைப் பூனை, வாட்ச்மேனின் காலைச் சுற்றிச் சுற்றி உரசியது. மூன்று மாதமாகச் சோறு போடும் தையல்காரரை அது ஒருநாளும் அப்படி உரசியதில்லை.

“அட! எங்க துணிக் கிடங்குல ஒண்ணு திரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அச்சு அசல் இதே மாதிரி. கொஞ்ச நாளா ஆளையே காணோம்.”

“பூனைன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.” தையல்காரர், மனைவி இருந்த அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். “பேண்ட்ட வெச்சுட்டுப் போங்க. உயரம் குறைக்கணும், அவ்வளவுதானே?”

“அளவு எடுக்க வேண்டாமா?”

“எனக்குக் கண்ணுதான் டேப்பு. கிளம்புங்க.”

அவரைத் தள்ளாத குறையாக அனுப்பிவிட்டுத் தையல்காரர் தாழ்ப்பாளைப் போட்டார். வாட்ச்மேன் சொன்னது சரிதான். இது அந்தக் கிடங்குப் பூனைதான், பட்டன் இல்லை.

பட்டன், மகளின் பூனை. குட்டியாக வந்த அன்றே பட்டன் டப்பாவுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டதால் அவள் வைத்த பெயர் அது. போன வருஷம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன பத்து வயதுப் பிள்ளை திரும்பி வரவில்லை. போகும்போது, “அப்பா, பட்டன வெளிய விட்டுடாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மகளுக்கு அவர் தைத்துக் கொடுத்த ஆறு கவுன்களையும் மனைவி சுவரில் வரிசையாக மாட்டிவைத்திருந்தாள். இப்போதெல்லாம் ஐந்துதான் தொங்குகிறது. மஞ்சள் கவுன் எங்கே என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒருநாள், தைத்த சீருடைகளை இரண்டு கையிலும் சுமந்துகொண்டு கிளம்பியவர், காலாலேயே கதவை இழுத்துவிட்டுப் போனார். அது சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. திரும்பி வந்தால் பூனையைக் காணோம்.

பொழுது சாயும்வரை தெருத் தெருவாக அலைந்தார். லாண்டரி வேலைக்குப் போன மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது? பிள்ளை போன பிறகு அவள் நாலு வார்த்தை பேசியதே அந்தப் பூனையோடுதான்.

அப்போதுதான் கிடங்கு மதில்மேல் இது உட்கார்ந்திருந்தது. நூலுக்கும் துணிக்கும் நிறம் பொருத்திப் பொருத்திப் பழகிய கண் அவருடையது. அதே செம்பட்டை, கழுத்தில் அதே வெள்ளை, வால் மட்டும் இரண்டு விரல் கூடுதல் நீளம். துணிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

“பட்டன் வெளிய ஓடிருச்சும்மா. தேடிப் புடிச்சுட்டேன்!”

கொல்லையில் ஏதோ செடி நட்டுக்கொண்டிருந்த மனைவி மண் கையோடு ஓடிவந்தாள். பூனையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று கதறிவிட்டாள். “அதான் கெடச்சிருச்சே, அழாத” என்று அவர்தான் தேற்றினார்.

மறுநாளே ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தார். கதவுக்கு ஸ்பிரிங் போட்டார். கிடங்கில் ராஜா மாதிரி திரிந்த அந்த ஜீவனோ பகலெல்லாம் வலையைப் பிறாண்டியது. ஒரு நிமிஷம் விட்டால் பழைய இடத்துக்கே ஓடிவிடும், மனைவிக்கு உயிரே போய்விடும் என்று தையல்காரருக்குப் பயம்.

இப்போதும் அது வாட்ச்மேன் போன திசையைப் பார்த்து ஜன்னலில் கத்திக்கொண்டிருந்தது. மனைவி அடுக்களையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“கேக்கவே பாவமா இருக்கு. விட்டுடலாங்க.”

“உனக்கென்ன பைத்தியமா? வெளிய போனா ஏதாவது வண்டியில அடிபட்டுச் செத்துரும்!”

அவள் முகம் வெளிறிப்போனது. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமே என்று அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்தாள். பூனை வாசற்படியில் ஒரு கணம் நின்றது. பிறகு மதில்மேல் தாவி, கிடங்கு இருக்கும் பக்கமாகத் திரும்பியே பார்க்காமல் போய்விட்டது.

“ஐயோ, என்ன காரியம் பண்ணிட்ட!” வாசல்வரை ஓடியவர், அங்கேயே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மூன்று மாதமாக அடக்கிவைத்ததெல்லாம் வெளியே வந்தது.

“அது பட்டன் இல்லம்மா. அன்னிக்கு நான்தான் கதவைச் சரியா சாத்தாமப் போயிட்டேன். உன் முகத்தப் பாக்கத் தைரியமில்லாம இதப் புடிச்சுக்கிட்டு வந்தேன். நம்ம பட்டன் எங்க கிடக்கோ, எவனாவது ஒருவாய் சோறு போடுறானோ என்னவோ…”

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“அன்னிக்கு அந்தப் பையத் தூக்கிக்கிட்டு எவ்வளவு சந்தோஷமா வந்தீங்க! அதப் பாத்த பிறகு எனக்குச் சொல்ல மனசு வரலீங்க.”

“என்ன சொல்ல?”

“தெருமுனையில அடிபட்டுக் கிடந்த நம்ம பட்டன நான்தான் தூக்கிட்டு வந்து, அவளோட மஞ்சள் கவுன்ல சுத்தி, கொல்லையில அந்தச் செடிக்கு அடியில படுக்க வெச்சேன்.”