கேள்வி கேட்ட சகோதரி

அக்கா கை தூக்கியதும், மைக்கோடு ஓடிவந்த பெண் அதை அவள் வாயருகே நீட்டினாள். அக்கா அதை விலக்கிவிட்டு, மேடை ஓரத்தில் நின்ற என்னைக் காட்டினாள்.

அரங்கமே திரும்பி என்னைப் பார்த்தது.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவளைப் போன்றவர்கள் கையால் பேசுவதை வாயால் சொல்வதும், மற்றவர்கள் வாயால் பேசுவதைக் கையால் சொல்வதும்தான் என் பிழைப்பு. இந்த நிகழ்ச்சிக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும் என்று நடத்துபவர்களிடம் அக்கா மல்லுக்கட்டியிருந்தாள். அவர்கள் என்னை அமர்த்தினார்கள். நான் மேடை ஏறுவேன் என்று பேராசிரியர் எதிர்பார்க்கவில்லை.

அவர் நிகழ்ச்சி என்றால் கூட்டம் அம்மும். மொழியியலைப் பல்கலைக்கழகத்திலிருந்து தெருவுக்குக் கூட்டி வந்தவர் என்று பத்திரிகைகள் எழுதும். பொய்யில்லை. டாக்ஸி ஓட்டுபவர்கள், முடி திருத்துபவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். தொண்டையில் கை வைத்துக்கொண்டு ‘பாம்பு’ என்று சொல்லச் சொன்னார். ஒரே வார்த்தைக்குள் ‘ப’ இரண்டு விதமாக ஒலிக்கிறது பாருங்கள் என்றதும், ஆளாளுக்குப் பாம்பு பாம்பு என்று சொல்லி அதிசயப்பட்டார்கள். என் வீட்டுக்காரி எல்லாவற்றுக்கும் ‘ம்’ என்கிறாளே, அது மொழியா என்று ஒருவர் கேட்டார். சரி என்கிற ‘ம்’, என்ன என்கிற ‘ம்’, வீட்டுக்கு வா பார்த்துக்கொள்கிறேன் என்கிற ‘ம்’ என்று ராகம் மாற்றிப் போட்டுக் காட்டினார் பேராசிரியர். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அத்தனையையும் நான் கையால் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

பல்செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு, நகக்கண்ணில் பிளாஸ்டர் தூளோடு நேரே வந்திருந்தாள்.

அவள் பேச ஆரம்பித்தாள். நான் என் முன்னால் இருந்த மைக்கில் சொன்னேன். எங்கள் தொழிலில் ‘அவள் கேட்கிறாள்’ என்று சொல்லக் கூடாது. பேசுபவர் ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

“இவ்வளவு நேரமா எங்கெங்கயோ பேசற மொழியெல்லாம் வந்துச்சு. என் மொழி மட்டும் ஏன் வரல?”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். சைகை ரொம்ப அழகான விஷயம், அதற்கென்று தனியாக ஒரு நாள் வைப்போம் என்றார். கேள்வி கேட்ட சகோதரிக்குப் பலமாக ஒரு கைதட்டல் கொடுங்கள் என்றார்.

கொடுத்தார்கள். சிலர் ‘பாவம்’ என்கிற முகத்தோடு.

அக்கா உட்காரவில்லை.

உள்ளங்கையில் உள்ளங்கையை ஓங்கி அடித்தாள். அந்தச் சத்தம் மேடை வரைக்கும் கேட்டது. சைகை இல்லை, மொழி என்றாள். ‘கொடுத்தேன்’ என்று ஒரு தடவை கை நகர்ந்தால், யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது எல்லாம் அந்த நகர்விலேயே இருக்கிறது, புருவம் ஏறினால் அது கேள்வி, இதற்குப் பெயர் இலக்கணம் இல்லாமல் வேறென்ன என்றாள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், நீங்கள் எழுதிய புத்தகத்திலேயே இருக்கிறது, இவர்களிடம் சொல்ல மட்டும் ஏன் வாய் வரவில்லை, வெட்கமாக இருக்கிறதா என்றாள்.

‘வெட்கம்’ என்ற இடத்தில் நான் கொஞ்சம் மெல்லிய சொல்லாகப் பார்த்துப் போட்டிருக்கலாம். போடவில்லை.

கூட்டத்தில் சலசலப்பு. பேராசிரியர் என் பக்கம் வந்தார். தன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, சிரிப்புக் குலையாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“இத அவகிட்ட சொல்ல வேணாம். ஜனங்க சிரிச்சிட்டுப் போகலாம்னு வந்திருக்காங்க. எதையாவது சொல்லி உட்கார வச்சாப் போதும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டர்கள், வங்கி மேலாளர்கள், பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர்கள். ஒரு மனுஷியை எதிரிலேயே நிற்க வைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் அவளைப் பற்றிப் பேசிவிடலாம் என்று நினைப்பவர்கள்.

காதில் விழுந்தது கைக்கு வந்தாக வேண்டும். அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் கையால் சொன்னேன். ‘அவகிட்ட சொல்ல வேணாம்’ என்பதையும்.

அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவளைச் சமாதானப்படுத்துகிறேன் என்று நினைத்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

அக்கா நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து மேடைக்குக் கீழே நின்றாள். கோபம் உச்சிக்கு ஏறிவிட்டால் அவள் கை மெதுவாகிவிடும். இப்போது ரொம்ப மெதுவாக இருந்தது.

நான் மைக்கில் சொன்னேன்.

“எங்க மொழியில எனக்கு ஒரு பேர் இருக்கு. அத உங்க கையால ஒரே ஒரு தடவ சொல்லுங்க. நான் உட்கார்ந்துடுறேன், அப்பா.”

அரங்கமே பேராசிரியர் பக்கம் திரும்பியது.

அக்கா சொன்னதைத்தான் சொன்னேன். அந்தக் கடைசிச் சொல் மட்டும் எனக்கும் சொந்தம்.

அவர் கை மேலே வந்தது. பாதியில் நின்றது. விரல்கள் காற்றில் எதையோ தடவின. பிறகு, வீட்டில் அவளோடு பேச நேரும்போதெல்லாம் செய்வதுபோல, என் பக்கம் திரும்பி, எடுத்துக் கொடு என்று கண்ணால் கேட்டார்.

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.