கோயிலில் பொம்பிளை பார்த்தது

இந்தக் காலத்துச் சனத்துக்கு மனிசரைப் பார்க்கத் தெரியாது, தோலைத்தான் பார்க்கும் என்று சிவகுருநாதன் பல்லைக் கடித்தார். காளி கோயில் தூணடியில் நின்ற மாப்பிள்ளையின் தாய், சிவகுருநாதனின் மகள் பிரசாந்தியை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை கிருஷாந்த் அந்தளவுகூடப் பார்க்கவில்லை.

டென்மார்க்கில் பிறந்து வளர்ந்த பெடியன். நிலாவெளிக் கடற்கரையில், உச்சி வெயிலில், பிரசாந்தி தோணியடியில் நின்ற ஒரு படத்தைத் தரகர் யோகராசா அனுப்ப, அதைப் பார்த்து வந்திருந்தான். இன்றைக்கே திரும்பிப் போக வாடகை வான் காத்து நிற்கிறது.

முன்பு வந்தவர்கள் எல்லாரும் "பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு" என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனவர்கள். பிரசாந்திக்கு முப்பது தாண்டிவிட்டது. இதுவும் தவறினால் இனி ஒரு தரகரும் வீட்டுப்படி ஏற மாட்டார்.

அதனால்தான் தாய் சிவபாக்கியம் விடியவே மகளை அலங்கரிக்கும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். போன பிள்ளை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரித் திரும்பி வந்தாள்.

"முகம் இழுக்குதம்மா, கழுவட்டோ?"

"வாயை மூடிக்கொண்டு வா. கழுத்தைச் சீலையால மறை."

கோயில் வாசலில், அவர்களுக்கு எப்போதும் பூக் கொடுக்கிற மனிசி நிமிர்ந்து பார்த்தாள். "ஆரண்ணை இது, கொழும்பால வந்த மருமகளோ?"

சிவபாக்கியத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. இரண்டு பகுதியும் சாமி கும்பிட வந்தது போல நிற்க வேண்டும், கதைக்கக் கூடாது. பிடிக்காவிட்டால் மானம் போகாமல் கலைந்துவிடலாம். யோகராசாவும் மாப்பிள்ளை பகுதியைத் தூரத்தில் நின்று காட்டிவிட்டு, தான் கூட நின்றால் ஊர் விளங்கிக்கொள்ளும் என்று வானடிக்குப் போய்விட்டார்.

வாயைக் கட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர சிவகுருநாதனால் ஒன்றும் செய்ய ஏலவில்லை. மகள் திரும்பத் திரும்ப அவர்களைக் கடந்து கோயில் உள்வீதியைச் சுற்றினாள். கடைசியில் அந்தத் தாய் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். கிருஷாந்த் கைமணிக்கூட்டைப் பார்த்தான்.

"காணும், நடவுங்கோ," என்றார் சிவகுருநாதன். பிரசாந்தியின் கண்ணீர் அந்த வெள்ளைக் கன்னத்தில் கறுப்பாய் ஒரு கோடு கீறியிருந்தது.

வெளியே, யோகராசா கையில் போனோடு ஓடி வந்தார். "எங்கயண்ணை போறியள்? அவை இன்னும் உள்ளுக்க நிக்கினம்."

"பாத்திட்டினம். முகத்தைத் திருப்பினதையும் பாத்திட்டுத்தான் வாறன்."

"ஆரைப் பாத்தவை? வெளிக்கிட நேரமாகுதாம், படத்தில நிண்ட கறுத்த பிள்ளையை இன்னும் காணேல்லை எண்டு இப்பவும் போன் எடுத்தவை."

"கறுப்பெண்டு சொல்லிக் காட்டுறாங்கள், என்ன?"

"ஐயோ அண்ணை, பெடியன் அந்த நிறத்தில ஆசைப்பட்டுத்தானே வந்தவன்!"

சிவகுருநாதன் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடந்தார்.

"கறுப்பைத் தேடி ஆரும் பிளேன் ஏறி வருவினமோ?"