நாங்க

முன்பு குடியிருந்த வீட்டின் வாசல் கதவு அப்போது நீலமா பச்சையா என்பது பொறியாளருக்குச் சரியாக நினைவில்லை. மூன்றாம் மாடி ஜன்னல் மட்டும் அதேதான். மழை விட்ட தெருவில் டிராம் கம்பிகள் சொட்டிக்கொண்டிருக்கின்றன. சுற்றுலா வந்த அலுவலகச் சகாக்கள் குடைகளை உதறியபடி, ஊரைச் சுற்றிக்காட்டும் அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். "கைடு சார், பாஷை தெரியாத ஊர்ல மூணு வருஷம் எப்படி ஓட்டினீங்க?" என்கிறாள் அலுவலக வரவேற்பாளர். "நாங்க சமாளிச்சுக்கிட்டோம்மா." "நாங்களா? ஒண்டிக்கட்டைன்னு சொன்னீங்களே! யாரு சார் அந்த இன்னொருத்தங்க?" எல்லாரும் சிரிக்கிறார்கள். இந்த வீட்டில் இறந்துபோன மனைவியைப் பற்றி அவர் இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஒரே சொல் அவளைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. மேலே யாரோ திரையை இழுக்கிறார்கள், அவளைப் போலவே ஓரத்தில் ஒரு விரற்கடை விட்டு. "பேச்சுவாக்குல வந்துடுச்சு" என்கிறார். சகாக்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அவள் இந்த ஊர்க் கல்லறையில் இருக்கிறாள். அவர் கடைசியாக ஏறி, ஜன்னலோர இருக்கையைக் காலியாக விட்டு உட்கார்கிறார்.