மறு குதிப்பு

குதிகால் மெத்தையில் பட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நடுவில் இல்லை. ஆனால் ரொம்பத் தள்ளியும் இல்லை.

பாராசூட் முதுகுக்குப் பின்னால் சரிந்து விழுந்தது. ஸ்கோர் பலகையில் எண் எரிந்தது.

ஒன்று.

மெத்தையின் நடுவே இருக்கிற மஞ்சள் வட்டம் ஒரு ரூபாய்க் காசு அகலம்கூட வராது. ஆகாயத்திலிருந்து குதித்து வந்து அதன்மேல் குதிகாலை வைக்க வேண்டும். அவ்வளவுதான் போட்டி. அவள் ஒரே ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்தாள்.

கடைசிச் சுற்று. மற்றவர்கள் எல்லாரும் இறங்கியாயிற்று. இந்த ஒன்று நின்றால் தங்கம் அவளுக்குத்தான்.

தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை.

முடிந்துவிட்டதே என்று.

வலது முட்டிக்குள் ஸ்டீல் ஆணிகள் இருக்கின்றன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மோசமான இறக்கம். இந்தப் போட்டியோடு சரி என்று டாக்டர்கள் தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். நாளையிலிருந்து அவளும் எல்லாரையும்போல விமானத்தில் போகலாம். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, படிக்கட்டு வழியாக மரியாதையாக இறங்கலாம்.

ரங்கதுரை வந்துகொண்டிருந்தான். அவள் புருஷன். பொள்ளாச்சியில் தேங்காய் நார் மில் வைத்திருக்கிறான். கையில் அவளுடைய செருப்பு.

எந்த ஊர்ப் போட்டியானாலும் ஷூ மாட்டும் முன் செருப்பை அவனிடம்தான் கழற்றிக் கொடுப்பாள். முன்பெல்லாம் அதை எங்கேயாவது போட்டுவிட்டு, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பான். அந்த முட்டி உடைந்த நாளுக்குப் பிறகு மேலே பார்ப்பதை விட்டுவிட்டான். அவள் விமானம் ஏறியதிலிருந்து கைதட்டல் கேட்கும்வரை செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

காலையில் காரில் வரும்போது, இன்றோடு இந்தச் செருப்புக் காவல் வேலை விட்டது என்று சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். நாளைக்குப் பழனிக்குப் போகலாம் என்றும் சொன்னான். அதற்கும் தலையாட்டினாள்.

தலைமை நடுவர் பெனடிக்ட் வேகமாக வந்தார்.

வைகாசி முடியவில்லை. ஆடியில்தான் அம்மி பறக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்கு அதெல்லாம் யார் சொல்வது? திடீரென்று காற்று ஒரு தள்ளுத் தள்ளியிருந்தது. அவள் இறங்குகிற நேரம் பார்த்துக் காற்றுமானி எல்லையைத் தாண்டிவிட்டது.

"மேடம், காத்து ஜாஸ்தி. இந்த ஒண்ண வெச்சுக்கலாம். இல்லைன்னா மறுபடி குதிக்கலாம். குதிச்சா இது கணக்குல இல்ல. அப்ப எது வருதோ அதுதான்."

விதி, அதனால் கேட்டார். பதில் தெரிந்தவர் மாதிரி, கேட்கும்போதே வாழ்த்துச் சொல்லக் கையை நீட்டியும்விட்டார்.

அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

மேலே பார்த்தாள்.

கடைசித் தடவை என்று தெரிந்தேதான் போனாள். ஆனால் கதவு திறந்ததிலிருந்து அந்த மஞ்சள் பொட்டைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. ஆழியாறு அணை மின்னியிருக்கும். தென்னந்தோப்புகள் பச்சைப் பாயாக விரிந்திருக்கும். பாராசூட் விரிந்த பிறகு ஓர் அமைதி வரும், கோயிலில்கூடக் கிடைக்காத அமைதி. அதையும் அவள் கேட்கவில்லை. கல்யாண விருந்தில் உட்கார்ந்து பஸ் நேரத்தையே நினைத்துக்கொண்டு எழுந்து வந்த கதை.

இன்னொரு தடவை.

இத்தனை வருஷம் இந்தத் தங்கத்துக்காகத்தான் ஏறினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கைக்கு எட்டிய பிறகுதான் தெரிந்தது, அது இல்லை.

"மறுபடி குதிக்கிறேங்க."

பெனடிக்டின் கை அப்படியே நின்றது.

"ஒரு சென்டிமீட்டர் மேடம். இதுக்கு மேல என்ன வேணும்?"

அவள் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டாள்.

பலகையில் ஒன்று அணைந்தது.

கைதட்டல் நின்றுவிட்டது. பேராசை பெருநஷ்டம் என்று கயிற்றோரத்தில் ஒருவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். நடுப்புள்ளிக்கு ஆசைப்படுகிறாள் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

ரங்கதுரை கயிற்றை ஒட்டி வந்து நின்றிருந்தான். அணைந்த பலகையைப் பார்த்தான். அவள் முட்டியைப் பார்த்தான். பிறகு முகத்தை.

அவள் கிட்டே போகவில்லை. போனால், வேண்டாம் என்று அவன் சொல்லமாட்டான். ஒன்றுமே சொல்லமாட்டான். அதைத் தாங்க அவளால் முடியாது.

அவன் திரும்பி, வேப்பமரத்தடியில் முன்பு நின்ற இடத்துக்கே நடந்தான்.

மடித்து வைத்திருந்த மாற்றுப் பாராசூட்டை மாட்டிக்கொண்டாள். காற்று அடங்கியது என்று கொடி காட்டினார்கள். விமானத்தை நோக்கி நடந்தாள். முட்டி வலித்தது. காலையிலிருந்து மறைத்துவந்த நொண்டலை இப்போது மறைக்கவில்லை.

ஏணியில் கால் வைத்தவள், மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்தாள்.

செருப்பு அவன் கையில் இல்லை. மரத்தடியில், ஜோடி பிரியாமல், தரையில் இருந்தது.

விமானம் இன்னும் கிளம்பக்கூட இல்லை. அதற்குள் ரங்கதுரை நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றான்.